முந்நூற்று எண்பத்தெட்டாம் இருக்கை

நவம்பர் 25, திங்கள்

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் இன்று தொடங்கியது. எனக்கு இதுதான் கடைசி. டிசம்பர் 31 மாலை ஐந்தரை மணிக்கு ஓய்வு. இந்த டைரி ஜெபக்கனி கொடுத்தது. எங்கள் பிரிவில் எனக்கு அடுத்த ஆள் அவள்தான், நாசரேத்துக்காரப் பெண். "முப்பத்தோரு வருசமா நம்பர் மட்டும்தான் எழுதியிருக்கீங்க சார். கடைசி மாசமாவது ரெண்டு வார்த்தை எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன். எண்களை விட்டால் எனக்கு எழுத என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

எங்கள் பிரிவின் பெயர் 'வருகை மற்றும் வாக்குப் பதிவு'. இரண்டு மேசை, ஒரு சாம்பல் நிற பீரோ. காலையில் உறுப்பினர்கள் லாபியில் உள்ள பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சபைக்குள் போக வேண்டும். போடாதவர் வராதவர். நாள் முழுக்க உள்ளே உட்கார்ந்து தொண்டை கிழியப் பேசியிருந்தாலும் கையெழுத்து இல்லையென்றால் அவர் வரவில்லை. வாக்கெடுப்பு என்றால் மூன்றரை நிமிடம் மணி அடிக்கும். கதவுகளைச் சாத்துவார்கள். அவரவர் இருக்கையில் பொத்தானை அழுத்துவார்கள். பொத்தான் வேலை செய்யாதவர்களுக்குச் சீட்டு. பச்சை 'ஆம்', சிவப்பு 'இல்லை', மஞ்சள் இரண்டும் இல்லை. அந்தச் சீட்டுகளைக் கட்டாக வாங்கி எண்ணி இயந்திரத்தின் கணக்கோடு கூட்டுவது நாங்கள். அதுவரை தலைவர் அறிவிக்கும் முடிவு 'திருத்தத்துக்கு உட்பட்டது'. எங்கள் தாள் போன பிறகுதான் அது முடிவு.

முப்பத்தோரு வருடத்தில் என் எண்ணிக்கை ஒருமுறைகூடத் தவறியதில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

மூடுபனி. எதிர் வரிசைக் குடியிருப்பே தெரியவில்லை. மனைவி பொற்கொடி காலிபிளவர் பொரியல் வைத்திருந்தாள்.

நவம்பர் 28, வியாழன்

முதல் வாக்கெடுப்பு. சின்ன மசோதா, யாருக்கும் அக்கறை இல்லை. சீட்டுக் கட்டை ஜெபக்கனி எண்ணி இருபத்தேழு என்றாள். நான் எண்ணினேன், இருபத்தெட்டு. மறுபடி அவள் எண்ணினாள், இருபத்தேழு. நான் விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பத்தொன்பதாவதும் இருபதாவதும் ஒட்டிக்கொண்டிருந்தன. இருபதாவது சிவப்பு. இருக்கை எண் 388. பெயர் அ. மாசிலாமணி. தேதி மார்ச் 12.

388-இல் இப்போது உட்கார்பவர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு புது உறுப்பினர். பொத்தானை அழுத்தி 'ஆம்' சொல்லியிருக்கிறார், தாளில் இருக்கிறது.

அந்தச் சீட்டை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். "நீ எண்ணினதுதான் சரி" என்றேன். ஜெபக்கனி தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்பது வருடமாக என்னோடு வேலை பார்க்கிறாள். அந்த வார்த்தையை என்னிடமிருந்து அவள் கேட்டது இன்றுதான்.

நவம்பர் 29, வெள்ளி

பழைய காகிதம். பீரோவிலிருந்து எப்படியோ கட்டில் கலந்திருக்கும். மறுபடியும் கீழ்த்தட்டில், விதிகள் புத்தகத்துக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். பீரோவுக்கு ஒரே சாவிதான், அது எப்போதும் என் இடுப்பில்தான் இருக்கிறது.

காலையில் வாசலில் கட்டைவிரல் வைக்கும் இயந்திரம் என்னை ஏற்கவில்லை. 'பதிவு இல்லை' என்றே நான்கு முறை வந்தது. குளிரில் விரல் சுருங்கிவிடுகிறது என்று காவலரிடம் சொன்னேன். அவர் பின்னால் நின்றவரைப் பார்த்து "அடுத்து" என்றார்.

டிசம்பர் 1, ஞாயிறு

வெந்நீர் போடும் ராடு போய்விட்டது, புதிதாக வாங்கினேன். தமிழ்க்கடையில் முருங்கைக்கீரை வந்திருந்தது. பொற்கொடி கீரையை ஆய்ந்துகொண்டே, "ரிட்டையர் ஆனதும் ஊருக்கே போயிருவோம்ங்க. இந்தப் பனியில எலும்பு வலிக்குது" என்றாள். போகலாம் என்றேன். எந்த ஊர் என்று கேட்டாள். என் ஊர் இருக்கிறது, அவள் ஊர் இருக்கிறது. கடற்கரைப் பக்கம் மட்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டதற்கு உப்புக்காற்று ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

இரண்டாவது வாக்கெடுப்பு. சீட்டுக் கட்டில் மறுபடியும் அந்தச் சிவப்புச் சீட்டு.

அதேதான். மாசிலாமணியின் கையெழுத்தில் 'ணி' முடிகிற இடத்தில் மை கசிந்து ஒரு பொட்டு இருக்கும். அந்தப் பொட்டு இருந்தது. ஜெபக்கனி திரும்பியிருந்த நேரம் பார்த்துப் பீரோவைத் திறந்தேன். விதிகள் புத்தகத்துக்கு அடியில் ஒன்றுமில்லை. சீட்டை உள்ளே வைத்து, அதன் மேல் புத்தகத்தையும், புத்தகத்தின் மேல் பழைய இரும்பு துளைபோடும் கருவியையும் வைத்துப் பூட்டினேன். திருத்தத் தாளில் நானும் அவளும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம்.

டிசம்பர் 4, புதன்

காலையில் ஜெபக்கனி கேட்டாள். "நேத்து ஏன் சார் வரல? உடம்பு சரியில்லயா?"

"வரலயா? உன்கூடத்தானேம்மா உக்காந்து எண்ணினேன்."

அவள் சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். "வெளையாடாதீங்க சார். தனியா எண்ணிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ரெண்டு தடவ போன் பண்ணேன்."

நேற்றைய திருத்தத் தாளின் நகலை எடுத்துப் பார்த்தேன். அவள் கையெழுத்து மட்டும் இருக்கிறது. என்னுடையது இருக்க வேண்டிய கோட்டின் மேல் ஒன்றுமில்லை. காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பேனா அழுந்திய தடம்கூட இல்லை.

என் கைப்பேசியில் அவளிடமிருந்து எந்த அழைப்பும் வரவில்லை என்பதையும் குறித்துவைக்கிறேன்.

டிசம்பர் 5, வியாழன்

கேண்டீனில் டீ கேட்டேன். எனக்குப் பின்னால் இருந்தவருக்குக் கொடுத்தார்கள். கூட்டம்.

டிசம்பர் 8, ஞாயிறு

பொற்கொடி இரண்டு நாளாகப் பேசவில்லை. ஊர் விஷயத்தில் கோபம் போலிருக்கிறது. முப்பத்திரண்டு வருடத்தில் இப்படி எத்தனையோ பார்த்தாகிவிட்டது, மூன்றாவது நாள் தானே சரியாகிவிடும்.

மத்தியானம் ஒரு டம்ளர் அரிசிதான் போட்டாள். ஒரு தட்டுதான் எடுத்தாள். அவள் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் மிச்சம் இருந்ததை நான் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் காலிச் சட்டியைத் திறந்து பார்த்து, "நாந்தான் தின்னேனா" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

டிசம்பர் 10, செவ்வாய்

இந்தச் சீட்டைப் பற்றி யாராவது இதைப் படித்தால் தப்பாக நினைக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அ. மாசிலாமணி தெற்கே ஒரு கடலோரத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர். மணக்காட்டுத்துறை என்ற ஊர்க்காரர். பதினோரு வருடங்களுக்கு முன்னால் துறைமுக விரிவாக்க மசோதா வந்தபோது, ஆதரித்துப் போடு என்று அவருடைய கட்சிக் கொறடா உத்தரவு போட்டிருந்தார். மசோதா நிறைவேறினால் போவது அவருடைய ஊர். மார்ச் 12 அன்று அவர் வாக்களிக்கவில்லை என்று பதிவாகியிருக்கிறது. பிறகு இறந்துவிட்டார். இவ்வளவுதான்.

டிசம்பர் 11, புதன்

மூன்றாவது வாக்கெடுப்பு. கட்டில் அது முதல் சீட்டாக, எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. ஜெபக்கனி அதைத் தாண்டி இரண்டாவதிலிருந்து 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கினாள். கழிப்பறைக்குக் கொண்டுபோய் எட்டாகக் கிழித்துத் தண்ணீர் ஊற்றினேன். எட்டும் போனதை நின்று பார்த்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

என் மேசையில் சீட்டு கிழியாமல் இருந்தது. அதன் மேல் எனக்கு ஒரு மெமோ. 'நவம்பர் 28 முதல் அனுமதியின்றிப் பணிக்கு வராதது குறித்து விளக்கம் தருக.'

ஜெபக்கனி என் நாற்காலியில் ஃபைல்களை அடுக்கிவைத்திருக்கிறாள். "எம்மா, எடு" என்றேன். திரும்பவில்லை. நானே எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் கீழே கிடந்த ஃபைல்களைப் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்து பைபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுத வெட்கமில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

நடந்ததை எழுதுகிறேன்.

மார்ச் 12 அன்று மாசிலாமணி வந்திருந்தார். ரயில் ஆறு மணி நேரம் தாமதம். ஸ்டேஷனிலிருந்து நேரே ஓடி வந்தார். மணி அடித்துக்கொண்டிருந்ததால் லாபியில் கையெழுத்துப் போடவில்லை. கதவு சாத்துவதற்குள் உள்ளே நுழைந்தது அவர்தான் கடைசி. அவருடைய பொத்தான் வேலை செய்யவில்லை. நான் சீட்டுக் கொண்டுபோனேன். எந்தக் கலர் என்று கேட்டேன். "செவப்பு தம்பி" என்றார். எழுதும்போது மூச்சு வாங்கியது, பேனா ஓரிடத்தில் அழுந்தி நின்றுவிட்டது. அதுதான் அந்தப் பொட்டு. கேமரா தலைவர் முகத்தில் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர்கள் எல்லாரும் அவருடைய கட்சிக்காரர்கள். பார்த்திருந்தாலும் பார்த்ததாகச் சொல்லமாட்டார்கள்.

எண்ணி முடித்துத் தாளை அனுப்பினேன். ஆம் 241, இல்லை 240. மசோதா நிறைவேறியது. சாயங்காலம் மேசையைத் துடைத்தபோது என் எழுத்து அட்டையின் கிளிப்புக்கு அடியில் அந்தச் சிவப்புச் சீட்டு இருந்தது. அதையும் சேர்த்தால் 241, 241. சமமாக வந்தால் இருப்பது இருந்தபடி இருக்கத்தான் தலைவர் வாக்களிப்பார். மசோதா விழுந்திருக்கும்.

அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். மறுநாளும் சொல்லியிருக்கலாம். என் எண்ணிக்கை தவறாது என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கு அதைத் தவிர வேறு பேர் இல்லை. பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஊரைக் காலி செய்தார்கள். கட்சி அவரை நீக்கியது. ஊரோ, ஓட்டுப்போட வராமல் ஒளிந்துகொண்டான் என்று அவர் வீட்டோடு பேச்சை நிறுத்தியது. எங்கள் பிரிவுக்கு அவர் மூன்று கடிதம் எழுதினார். 'அன்று நான் சபையில் இருந்தேன். சீட்டு எழுதிக் கொடுத்தேன். மசோதாவை மாற்றச் சொல்லவில்லை. நான் வந்திருந்தேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், என் ஊருக்குக் காட்டிக்கொள்கிறேன்.' மூன்றுக்கும் பதில் எழுதியது நான். மூன்றும் ஒரே வாசகம். 'பதிவேடுகளின்படி, குறிப்பிட்ட நாளில் தாங்கள் அவையில் இருந்ததாகத் தெரியவில்லை.' எட்டு மாதம் யாரும் பேசாத ஊரில் கிடந்து இறந்துபோனார்.

தவறியதில்லை என்று எழுதியிருந்தேனே, அது பொய்.

டிசம்பர் 16, திங்கள்

செயலருக்கு எல்லாவற்றையும் எழுதி, சீட்டின் நகலை இணைத்து, அவருடைய மேசையில் வைத்தேன். அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நான் நின்ற பக்கம் குளிர்கிறது என்று சொல்லி எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

டிசம்பர் 17, செவ்வாய்

ஒன்றுமில்லை. பனி.

டிசம்பர் 18, புதன்

பதில் வந்துவிட்டது. என் நாற்காலியில் கிடந்தது.

'தங்கள் கடிதம் கிடைத்தது. பதிவேடுகளின்படி, குறிப்பிட்ட மார்ச் 12 அன்று தாங்கள் பணியில் இருந்ததாகத் தெரியவில்லை. எனவே தங்கள் கூற்றைப் பரிசீலிக்க இயலாது.'

வாசகம் என்னுடையது. காற்புள்ளிகூட நான் வைக்கிற இடத்தில் இருக்கிறது.

டிசம்பர் 19, வியாழன்

பொற்கொடி தன் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் எதிரே கட்டிலில் இருந்தேன். "அவுக ஊர்ல இல்லடி" என்றாள். "எங்க போனாகன்னு தெரியல. எப்ப வருவாகன்னும் தெரியல. செருப்பு கெடக்கு, கண்ணாடி கெடக்கு." அழுதாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். கையை உதறவில்லை. புடவையில் துடைத்துக்கொண்டாள், ஈரம் பட்டது போல.

அந்த மனுஷன் எட்டு மாதம் எப்படி இருந்திருப்பார் என்று இன்று எனக்குத் தெரிந்தது.

டிசம்பர் 20, வெள்ளி

கூட்டத்தொடரின் கடைசி நாள், கடைசி வாக்கெடுப்பு. ஜெபக்கனி எண்ணினாள், நான் பின்னால் நின்று கூடவே எண்ணினேன். முப்பத்தொன்று. அவளுக்கும் முப்பத்தொன்று. கட்டில் சிவப்புச் சீட்டு கலக்கவில்லை, என் சட்டைப் பையிலேயே இருந்தது. சபையில் அதற்கு இனி வேலையில்லை என்று நினைக்கிறேன். அவர் சபையிடம் கேட்டது எதுவுமில்லை. ஊருக்குக் காட்ட ஒரு வரிதான் கேட்டார்.

மூன்று கடிதங்களும் பீரோவில் இருக்கின்றன. முகவரி எடுத்துக்கொண்டேன். சாவியை ஜெபக்கனியின் டிபன் டப்பா மேல் வைத்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு, ரயில்

என் இருக்கையில் ஒரு குடும்பம் பைகளை வைத்திருக்கிறது. டிக்கெட் பரிசோதகர் அந்த இடத்துக்கு நேரே 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டு போனார். கதவோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் கேட்ட அந்த ஒரு வரியையும் எழுதிவிட்டேன். ஏழு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் கீழே என் பெயர் மட்டும் மை காய்வதற்குள் மங்கிவிடுகிறது. வரி நிற்கிறது.

டிசம்பர் 24, செவ்வாய்

தூத்துக்குடியில் இறங்கி பஸ் பிடித்தேன். மணக்காட்டுத்துறை இருந்த இடத்தில் கம்பிவேலி. ஊரை இரண்டு கிலோமீட்டர் உள்ளே கொண்டுவந்து காலனியாக வைத்திருக்கிறார்கள். கடித முகவரியில் ஊர்ப்பெயர் மட்டும்தான் இருந்தது, யாரிடமும் வழி கேட்கவும் முடியாது. கதவுகளை எண்ணிக்கொண்டே போனேன், எண்ணுவது ஒன்றுதானே எனக்குத் தெரியும். எல்லா வீட்டு வாசலிலும் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கியது. நாற்பத்து மூன்றாவது வீட்டில் இல்லை.

கதவைத் தட்டினேன். முப்பது வயதுப் பெண் ஒருத்தி திறந்தாள். மாசிலாமணியின் நெற்றி. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "ஆரு?" என்றாள். சீட்டையும் தாளையும் படியில் வைத்து, ஒரு கல்லைத் தூக்கி மேலே வைத்தேன். கல் நகர்ந்த சத்தத்துக்குக் குனிந்தாள்.

தாளை நின்றபடியே வாசித்தாள். பிறகு உட்கார்ந்துகொண்டு மறுபடி வாசித்தாள், இந்த முறை சத்தமாக. "மார்ச் 12 அன்று அ. மாசிலாமணி சபையில் இருந்தார். மசோதாவை எதிர்த்து வாக்களித்தார். அந்த வாக்கை எண்ணாமல் விட்ட தவறு என்னுடையது."

உள்ளேயிருந்து வயதான குரல் கேட்டது. "என்னட்டி வாசிக்க?"

"அம்மா." சீட்டைக் கையில் எடுத்தாள். "அப்பா போயிருந்தாவளாம்மா. அப்பா சொன்னது நெசந்தான். செவப்புச் சீட்டு இந்தா இருக்கு. அப்பா கையெழுத்து."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சீட்டை வாங்கி அந்தப் பொட்டின் மேல் பெருவிரலை வைத்து அப்படியே நின்றார்கள். எதிர் வீட்டுத் திரை விலகியது. அந்த அம்மா சீட்டைத் தூக்கி அந்த வீட்டைப் பார்த்துப் பிடித்தார்கள். எதிர் வீட்டுக்காரி வெளியே வந்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டுத் தெருவைத் தாண்டினாள். பதினோரு வருடத்தில் இந்தப் படிக்கு அவள் வருவது முதல் தடவை என்று அவள் நின்ற விதத்தில் தெரிந்தது.

"கீழ பேரு போட்டிருக்கா?" என்று அம்மா மகளிடம் கேட்டார்கள்.

"இல்லம்மா. அழிஞ்சிருக்கு."

"கொண்டு வந்தவுகளுக்குத் தண்ணி குடுத்தியா?"

"ஆளே இல்லம்மா. கதவத் தொறந்தா தெருவுல ஈ காக்கா கெடையாது."

அந்த அம்மா உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து படியில் வைத்தார்கள். "இவ்வளவு தூரம் வந்தவுக தண்ணி குடிக்காமப் போவக்கூடாது" என்றார்கள். பிறகு மூன்று பேரும் உள்ளே போனார்கள்.

மூன்று நாளாக எனக்கு யாரும் எதுவும் தரவில்லை. உட்கார்ந்து குடித்தேன். கொஞ்சம் உப்புக் கரித்தது. செம்பை வைத்துவிட்டுத் தெருமுனை வேப்பமரத்தடியில் போய் நின்றேன். சிறிது நேரத்தில் மகள் ஒரு ஸ்டாரை எடுத்து வந்து வாசலில் கட்டினாள். பின்னாலேயே வந்த அம்மா செம்பை எடுத்தார்கள். கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு விழுந்தது.

"ஆளு இல்லன்னியே. வந்திருக்காவட்டி" என்றார்கள்.